சிரிப்பு மிக்ஸ்

விழுப்புரத்திலிருந்து பாண்டிக்குப் போகிற தனியார் பஸ்ஸில் ஒரு நாள் பகலில் உட்கார்ந்திருந்தேன். மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வளவனூர் தாண்டியதும் டிரைவர் கேசட்டைத் திருப்பிப் போட்டார். தடதடவென்று அடி ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் ஓடிவிட்டுச் சட்டென்று எல்லாம் நின்றது. அந்த அமைதியில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பே மேலே ஏறி, கீழே இறங்கி, ஒரு மெட்டு மாதிரி ஓடியது. அதன்மேல் மறுபடியும் அடி விழுந்தது.

எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"யார்ரா இவ, இப்பிடி சிரிக்கிறா?"

"பாம்பேக்காரிடா. இவளுங்களுக்கு வேலையே சிரிக்கிறதுதான். ரூமுல உக்கார வச்சி, கதவ சாத்திக்கினு, சிரி சிரின்னு சிரிக்க வச்சி பதிஞ்சிக்குவானுங்க."

"என் வூட்லயும் ஒருத்தி இருக்கா. சிரிச்சி நான் பாத்ததே இல்ல."

"உன் மூஞ்சப் பாத்தா எவளுக்கு சிரிப்பு வரும்?"

நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். அந்தப் பாம்பேக்காரி நான்தான். திண்டிவனத்தில் பிறந்து, பத்தாவது வரை படித்து, விழுப்புரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். யாராவது பேர் கேட்டால் இரண்டாவது தடவைதான் காதில் விழுகிற மாதிரி சொல்வேன். என் சிரிப்பு எப்படி அந்த பஸ்ஸுக்குள் வந்தது என்று சொல்ல என் கல்யாணத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எனக்குக் கல்யாணம் ஆனது 1993-இல். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளைக்கு எலக்ட்ரானிக்ஸ் தொழில் என்றார்கள். என் அப்பா அதை டி.வி. ரிப்பேர் என்று எடுத்துக்கொண்டு, காலத்துக்கும் வேலை இருக்கும் என்று சந்தோஷப்பட்டார். வந்து பார்த்தால் கடையில் ரிப்பேர் செய்ய ஒன்றுமே இல்லை. சுவர் முழுக்க கேசட். வீட்டின் முன் பக்கம் கடை, பின் பக்கம் நாங்களும் மாமியாரும். ஜனங்கள் காலிக் கேசட்டும் ஒரு துண்டுச் சீட்டில் பாட்டு வரிசையும் கொண்டுவந்து தருவார்கள். அவர் அதைப் பதிந்து கொடுப்பார். அப்போது ஊருக்கு ஊர் இப்படிக் கடைகள் இருந்தன.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. ஆள் வராத நேரத்தில் இரண்டு டேப் ரிக்கார்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பாட்டில் வெறும் மேளம் மட்டும் வருகிற இடத்தைக் கண்டுபிடித்து, அதையே திரும்பத் திரும்பப் பதிந்து ஒட்டுவார். நிறுத்தும் பட்டனைச் சரியான நேரத்தில் அமுக்கினால் ஒட்டு தெரியாது. ஒரு கண் இமைக்கிற நேரம் தப்பினாலும் அடி நொண்டும். நொண்டினால் முதலிலிருந்து ஆரம்பிப்பார். சமையல் கட்டில் எனக்கு அந்த ஒரே அடி காலையிலிருந்து சாயந்திரம் வரை கேட்டுக்கொண்டிருக்கும். நான் வெங்காயம் அரிவது அந்த அடிக்குச் சரியாக விழுவதை நானே பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

திருவிழாவுக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் மைக் செட் கட்டுகிறவர்கள்தான் அந்தக் கேசட்டுகளைக் கேட்டு வருவார்கள். "அண்ணே, சாமி பாட்டு முடிஞ்சதும் பசங்க ஆடணும்ன்றானுங்க. நின்னு நின்னு ஆடுறானுங்க. நிக்காம ஆடுற மாதிரி ஒண்ணு குடுங்க." இவர் கொடுத்துவிட்டு, தானும் கூடவே போவார். ஸ்பீக்கர் பெட்டி ஓரமாக நின்று ஆடுகிறவர்களின் காலை மட்டும் பார்ப்பார். எந்த இடத்தில் கால் தயங்குகிறதோ அந்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்து, மறுநாள் அதை வெட்டி வேறு மாதிரி ஒட்டுவார். அவர் முகம் பார்த்துப் பேசிப் பழகாதவர். காலைப் பார்ப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் கூச்சப்படுகிறவள் என்றால் அவர் என்னைவிட ஒரு படி மேல். சோறு போடட்டுமா என்று நான் கரண்டியைக் காட்டுவேன், போதும் என்று அவர் கையைக் காட்டுவார். மாமியார் நடுவில் உட்கார்ந்து, "ஊமப் படம் ஓடுது பாரு," என்பார்.

மகள் பிறந்த கொஞ்ச நாளில் அவர் ஒட்டிய கேசட்டுகளுக்கு நல்ல பேர் வந்தது. பேர் வந்ததும் மற்ற கடைக்காரர்கள் அதை வாங்கிக்கொண்டுபோய் அப்படியே நகல் எடுத்து விற்றார்கள். திண்டிவனத்தில் என் அப்பா வீட்டுத் தெருவிலேயே ஒரு கடையில் விற்றது. அதற்கு அந்தத் தொழிலில் ஒரு வழி வைத்திருந்தார்கள். பாட்டின் நடுவில் கடைப் பேரையும் ஊர்ப் பேரையும் யாராவது எதிரொலியோடு சொல்வதைப் பதிந்துவிடுவார்கள். நகல் எடுத்தாலும் நம் கடைக்குத்தான் விளம்பரம். எல்லாக் கடையிலும் ஒரு ஆண் குரல் உறுமிக்கொண்டு சொல்லும். இவர் சொல்லிப் பார்த்தார். அவருடைய குரல் தொண்டையிலேயே நின்றது.

"என் குரல் கேட்டா ஆடறவன் உக்காந்துடுவான். நீ சொல்லு."

"நான் மாட்டேங்க."

"ரெண்டே வார்த்த. கடப் பேரு, ஊர்ப் பேரு. பொம்பளக் குரல்னா யாருன்னு தெரியாது."

அந்தச் சமயம் கோட்டக்குப்பத்திலிருந்து அவருடைய நண்பர் ஒருவர் வளைகுடாவில் வேலை செய்துவிட்டு லீவில் வந்திருந்தார். அவர் ஒரு சின்னக் கீபோர்டு கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒரு விசேஷம். எதிரில் ஒரு சத்தம் போட்டால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு எந்தக் கட்டையை அமுக்கினாலும் அந்தச் சத்தத்தையே வேறு வேறு சுதியில் திருப்பித் தரும். நாய் குரைத்தால் நாய் மெட்டுப் பாடும். அதில்தான் என் குரலைப் பிடிப்பதாகத் திட்டம்.

மாமியார் மகளையும் தூக்கிக்கொண்டு கண்டமங்கலத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்த மதியம் அது. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, எதிரொலி வரக்கூடாது என்று ஜமுக்காளத்தைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு இரண்டு பேரும் கீபோர்டுக்கு முன்னால் குந்திக்கொண்டோம். சித்திரை வெயில். அவர் நெற்றி வேர்வை என் கையில் சொட்டியது. அவர் விரலைக் காட்டினார். நான் வாயைத் திறந்தேன். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது.

காத்திருந்தோம். அவர் மறுபடியும் விரலைக் காட்டினார். நான் வாயைத் திறந்தேன். விசில்.

மூன்றாவது முறையும் அப்படியே ஆனதும், யாரிடமும் குரல் உயர்த்தாத அந்த மனுஷன் ஜமுக்காளத்துக்கு வெளியே தலையை நீட்டி, சுவரைப் பார்த்து, "யம்மா, அரிசி வெந்துடுச்சும்மா, எறக்கிடும்மா," என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நிதானமாகப் பதில் வந்தது: "பருப்புங்க. இன்னும் ரெண்டு விசில் வரணும்."

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அந்த இருட்டில் அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூட முடியவில்லை, மூச்சு விட முடியவில்லை. அப்படி ஒரு சிரிப்பு எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. அவரும் சிரித்தார், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. பிறகு ஜமுக்காளத்தை எடுத்துவிட்டு, "இன்னொரு நாள் பாத்துக்கலாம்," என்றார். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. நான் தப்பித்தேன் என்று இருந்தேன்.

மாசி மகத்துக்குச் சாமிகளைக் கடலுக்குக் கொண்டுபோவார்கள். அந்த வருஷம் மரக்காணம் பக்கம் ஒரு குப்பத்தில் இவருக்குத் தெரிந்தவர்கள் மைக் செட் கட்டியிருந்தார்கள். நானும் மாமியாரும் மகளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தோம். சாமி கடலில் இறங்கி ஏறியதும், பையன்கள் ஈரக் கைலியோடு ஆட்டத்துக்குத் தயாரானார்கள். அடி ஆரம்பித்தது. அவர் வழக்கம்போல ஸ்பீக்கர் ஓரம் நின்று கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று எல்லாம் நின்றது. கூம்பு ஸ்பீக்கரிலிருந்து கடல்வரைக்கும் நான் சிரித்தேன்.

முதலில் எனக்குப் புரியவில்லை. யாரோ பின்னால் நின்று சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு அந்தச் சிரிப்பு படிப்படியாக மேலே ஏறியபோது, அன்றைக்குக் கீபோர்டு அதைப் பிடித்துவைத்துவிட்டது என்று புரிந்தது. உடம்பெல்லாம் எரிந்தது. அத்தனை பேர் முன்னால் என் புடவை அவிழ்ந்த மாதிரி இருந்தது. பையன்கள் ஊளையிட்டுக்கொண்டு குதித்தார்கள். மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு அம்மாள்கூட ஆடினாள்.

மாமியார் என் தோளைத் தொட்டு, "எவளோ சிரிக்கிறா பாரு. பொறந்த வூட்ல அடக்கி வளக்கல," என்றார்.

"ஆமாங்க அத்தை," என்றேன்.

கூட்டம் கலைந்தபிறகு மணலில் நடந்துபோகும்போது அவரிடம் கேட்டேன்.

"அது என்னுதுங்க."

"உன்னுதுதான்."

"எடுத்துடுங்க."

"உன்னுதுன்னு யாருக்குத் தெரியும்? நீ சிரிச்சி யாரு கேட்டிருக்காங்க? நானே அன்னிக்குத்தான் கேட்டேன்."

எனக்கு ஆறுதலாகத்தான் அதைச் சொன்னார். அது உண்மையும்கூட. ஆனால் அந்த வார்த்தை எனக்குள் போய் எங்கேயோ உட்கார்ந்துகொண்டது. ஊரெல்லாம் கேட்கிற சிரிப்பு, வீட்டில் ஒருவர் ஒரே ஒரு முறை கேட்ட சிரிப்பு.

அந்தக் கேசட்டுக்கு ஜனங்களே "சிரிப்பு மிக்ஸ்" என்று பேர் வைத்துவிட்டார்கள். கடைப் பேர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. சிரிப்பு வந்தால் இவர் கடைக் கேசட் என்று எல்லாருக்கும் தெரிந்தது. "அண்ணே, சிரிப்பு இருக்கா?" என்று கடை வாசலில் நின்று கேட்பார்கள். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருப்பேன். "இருக்குது," என்பார் அவர்.

நான் சிரிப்பதை நிறுத்தினேன். வேண்டும் என்று நிறுத்தினேன் என்றும் சொல்ல முடியாது. வாய் திறக்கப் போகும்போதெல்லாம் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் அது தானாக மூடிக்கொள்ளும். கல்யாண வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கேலி பேசும்போது உதட்டை இறுக்கிக்கொண்டு மூக்கால் மூச்சு விடப் பழகினேன். அதுதான் என் சிரிப்பு ஆனது. "எங்க மருமவ ரொம்ப அடக்கம். பல்லக் காட்டமாட்டா," என்று மாமியார் சொந்தக்காரர்களிடம் பெருமை பேசுவார். தன் நாத்தனார் ஊர்த் திருவிழாவில் அந்தக் கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைச் சொன்னார்.

கேசட் போய் சி.டி. வந்தது. அவர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளக் கூச்சப்பட்டு, எந்தப் பட்டனை அமுக்கினால் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தே கற்றுக்கொண்டார். பிறகு மற்றவர்கள் பாட்டை ஒட்டுவது குறைந்து, அடி, மெட்டு எல்லாம் தானே உண்டாக்க ஆரம்பித்தார். வார்த்தையே இல்லாத பாட்டுகள். வரவேற்புகளுக்குப் பாட்டுக் கச்சேரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் டி.ஜே. வேண்டும் என்று கேட்கத் தொடங்கிய காலம். இவர் போனார். பாண்டிக்குப் போகிற கடற்கரைச் சாலை ஓட்டல்களிலும் கூப்பிட்டார்கள்.

டி.ஜே. என்றால் எப்படி இருப்பார்கள் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். இவர் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் பேனா, கழுத்தில் கர்சீப். காதில் மாட்டுகிற ஹெட்போனை ஒரு பக்கம் மட்டும் வைத்துக்கொண்டு குனிந்தபடியே இருப்பார். "அண்ணே, கையத் தூக்குங்கண்ணே. டி.ஜே.ன்னா கையத் தூக்கணும்," என்று பையன்கள் கத்துவார்கள். இவர் பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி ஒரு கையைக் கொஞ்சம் தூக்கிவிட்டு உடனே இறக்கிக்கொள்வார். அதற்கே கூட்டம் கொண்டாடும்.

எனக்கு அதைப் பார்க்கவும் கூச்சம். சொந்தத்தில் ஒரு அண்ணி, "உங்க வூட்டுக்காரரு இன்னும் ரெக்காடு டான்ஸுக்குத்தான் போய்க்கினு இருக்காரா?" என்று கேட்டபோது நான் இல்லை என்றும் சொல்லவில்லை, அது வேறு இது வேறு என்றும் சொல்லவில்லை. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பாவுக்கு என்ன தொழில் என்று டீச்சர் கேட்டார். "எலக்ட்ரானிக்ஸ்," என்றேன். இவர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டார்.

மகள் ஆறாவது படிக்கும்போது ஒரு நாள் பையைப் போட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தாள்.

"யம்மா, நான் சிரிச்சா சிரிப்பு மிக்ஸ் மாதிரியே இருக்குதாம். எல்லாரும் சிரி சிரின்றாங்க. சிரிச்சி காட்டட்டா?"

காட்டினாள். கூடத்தில் நின்று அவள் சிரித்தது, ஜமுக்காளத்துக்குள் நான் சிரித்ததேதான். முதலில் தடுக்கி, பிறகு ஓடி, கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கிற இடம் வரைக்கும். மாமியார் முற்றத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். அவர் கை நின்ற மாதிரி எனக்குத் தோன்றியது.

"போதும்," என்றேன். "பொம்பளப் புள்ள இன்னா அப்பிடி சிரிக்கிறது? வாய மூடிக்கினு சிரி."

நான் அதட்டி அவளுக்குப் பழக்கமில்லை. உள்ளங்கையை எடுத்து வாய்மேல் வைத்துக்கொண்டாள். எப்படிச் சிரிப்பது என்று சொல்லிக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அந்தக் கை அதற்குப் பிறகு அங்கேயே பழகிவிட்டது.

அன்றைக்கே இவரிடம் சொன்னேன், அந்தச் சிரிப்பை எடுக்காவிட்டால் நான் மகளைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் போய்விடுவேன் என்று. நான் அவரிடம் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். அவர் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். பாட்டு ஒரு நீளமான கோடாகத் தெரிந்தது, முள்முள்ளாக. நடுவில் தட்டையாக ஒரு இடம், அதில் சின்ன மேடு.

"இதான் நீ," என்றார்.

பிறகு அழித்தார். மேடு போய் வெறும் கோடு ஆனது.

அதற்கப்புறம் வந்த முகூர்த்தத்தில் வளவனூரில் ஒரு வரவேற்பு. பெண் வீட்டார் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் என்பதால் குடும்பத்தோடு போயிருந்தோம். எனக்கு மனசு லேசாக இருந்தது. பல வருஷம் கழித்து அந்தப் பாட்டு ஓடும்போது தைரியமாக முன் வரிசையில் உட்கார்ந்தேன். அடி ஓடியது. பையன்கள் ஆடினார்கள். அந்த இடம் வந்தது. எல்லாம் நின்றது. ஸ்பீக்கரிலிருந்து ஒன்றும் வரவில்லை.

ஒரு நொடி எல்லாரும் முழித்தார்கள். பிறகு ஆடிக்கொண்டிருந்த ஒருவன் தன் வாயாலேயே அந்தச் சிரிப்பைச் சிரித்தான். உடனே கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள், சாம்பார் வாளியோடு நின்றவர், மேடையில் மாலையோடு நின்ற மணப்பெண், எல்லாரும். முதலில் தடுக்கி, பிறகு ஓடி, கடைசியில் மூச்சை இழுக்கிற அதே மாதிரி. ஊருக்கே அது மனப்பாடம். மண்டபம் முழுக்க என் சிரிப்பு. என் மாமியார்கூடப் பொக்கை வாயைத் திறந்து, "எங்கடி போனா அந்தச் சிறுக்கி?" என்று சிரித்தார்.

என் பக்கத்தில் மகளும் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூட்டத்திலேயே அவள் சிரிப்பு மட்டும் அசலாக இருந்தது. சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். என் முகத்தில் என்ன பார்த்தாளோ, கை தானாக எழுந்து வாயை மூடிக்கொண்டது. மண்டபத்தில் வாய் மூடியிருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

மேசைக்குப் பின்னாலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் யாருடைய காலையும் பார்க்கவில்லை. எங்களைத்தான் பார்த்தார்.

அவர் பாட்டில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டார். அவர் போகிற இடத்திலெல்லாம் கூட்டமே அதை நிரப்பிக்கொண்டது. கொஞ்ச வருஷத்தில் அதுவும் ஓய்ந்தது. பாட்டு எல்லார் செல்போனிலும் வந்துவிட்ட பிறகு சி.டி. வாங்க ஆள் இல்லை. கடையில் சுவரிலிருந்த கேசட்டை இறக்கிவிட்டு செல்போன் கவர்களை மாட்டினோம். மாமியாரும் போய்ச் சேர்ந்தார். பிறகு இவருக்குக் கஷ்டம் காதில் வந்தது. இடது காது சுத்தமாகப் போனது. வலது காதில் மேல் சுதியில் வருகிற மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தன. காலிங் பெல் கேட்காது, கதவை இடித்தால் கேட்கும். இத்தனை வருஷம் ஸ்பீக்கர் ஓரத்திலேயே நின்றதால்தான் என்று பாண்டி டாக்டர் சொன்னார். டி.ஜே. வேலையை விட்டுவிட்டார். யாருக்கும் காரணம் சொல்லவில்லை. வயசாயிடுச்சி என்பார்.

மகளுக்குத் திண்டிவனத்திலேயே மாப்பிள்ளை அமைந்தது. வரவேற்புக்கு மாப்பிள்ளை வீட்டார் பாண்டியிலிருந்து ஒரு டி.ஜே. பையனைக் கூட்டி வந்திருந்தார்கள். கை நிறையப் பச்சை குத்தி, இரண்டு கையையும் தூக்கியே வைத்திருந்தான். இவர் பட்டு வேட்டியில் வாசலில் நின்று எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா யார் என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

நானும் சம்பந்தியம்மாவும் மேடைக்குக் கீழே நின்றிருந்தோம். இவர் கொஞ்சம் ஓய்வாக வந்து என் பக்கத்தில் நின்றார். பையன் மைக்கில், "பெரியவங்களுக்காக ஒரு பழைய லோக்கல் ஐட்டம்," என்றான். அந்த அடி. அழிப்பதற்கு முன்னால் வெளியே போன ஏதோ ஒரு பழைய கேசட்டிலிருந்து எடுத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் சிரிப்பு இருந்தது. இருபது வயசுக்காரியின் சிரிப்பு.

சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அய்யோ, இதக் கேட்டு எத்தினி வருஷம் ஆச்சி! எங்க தெருவுல திருவிழான்னா இந்தப் பாட்டு இல்லாம முடியாது. கதவ சாத்திக்கினு நானும் ஆடியிருக்கேன். யாரு சம்பந்திம்மா இது? உங்க வூட்டுக்காரரு இந்தத் தொழில்தானே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

என்ன நல்ல முகம் அது. ஏளனம் ஒரு துளிகூட இல்லை. ஆசையாகக் கேட்டார். மேடையில் மகள் மாப்பிள்ளை காதில் ஏதோ சொல்லிவிட்டு, உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"தெரியாதுங்க சம்பந்திம்மா. பாம்பே பக்கம் யாரோன்னு சொல்வாங்க."

"அப்பிடியா," என்றார் அவர், கொஞ்சம் ஏமாந்த மாதிரி.

இவர் என் பக்கத்தில் நின்றிருந்தார். அவருடைய எந்தக் காது என் பக்கம் இருந்தது என்று எனக்கு நினைவில்லை. ஆடுகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளை மறுவீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்த மறுநாள் மதியம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் செல்போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையிடம் சொல்லி அந்தப் பாட்டை வாங்கியிருக்கிறார்.

"மண்டபத்துல அந்த இடம் வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சே. நீங்க கேக்கலயா?"

"அடி கேட்டுச்சி. அது கேக்கல. எல்லாரு காலும் நின்னுது, அப்ப வந்திருக்கணும்னு நெனச்சேன்." என் பக்கம் திரும்பி, "சம்பந்திம்மா உங்கிட்ட இன்னாமோ கேட்டாங்களே?" என்றார்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்கள் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"அது யாருன்னு கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்னேன்."

அவர் தலையை ஆட்டினார். கோபமில்லை, எனக்குப் பழகிய அதே ஆட்டல். "ஆமா. யாருக்குத் தெரியும்," என்றார்.

பிறகு செல்போனை எங்களுக்கு நடுவில் வைத்துப் பாட்டைப் போட்டார். வலது காதை அதன் பக்கம் சாய்த்துக்கொண்டார். "வர்றப்ப சொல்லு," என்றார். அடி ஓடியது. நின்றது. நான் கையைத் தூக்கினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒன்றும் கேட்காத முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். சிரிப்பு மேலே ஏறி இறங்கி முடிகிறவரை கையைத் தூக்கியே வைத்திருந்தேன், பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி.

அவர் மறுபடியும் போட்டார். மறுபடியும் கை தூக்கினேன்.

நான் எழுந்து சுற்றி வந்து, அவருடைய வலது பக்கம் உட்கார்ந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. அவர் காதுக்குக் கிட்டே போய்ச் சிரிக்கப் பார்த்தேன். இத்தனை வருஷம் உதட்டை இறுக்கிப் பழகியதில் மூக்கு வழியாக வெறும் மூச்சுதான் வந்தது.

"கேக்கல," என்றார். "இன்னும் சத்தமா."